மழையில் தொய்ந்த வலை

நுனியில் வலை கட்டிய மட்டையில் பந்தை ஏந்தி ஓடி, எறிந்து கோல் போடும் ஆட்டம் லாக்ரோஸ். கல்லூரி லாக்ரோஸ் கோச் என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைப்பவர்கள் வெண்டல் ஹாஸ்கின்ஸைப் பார்த்ததில்லை. ஹாலோவெல் கல்லூரியில் மைதானத்துக்குக் கோடு போடுவதும் அவர்தான், வெளியூர் ஆட்டத்துக்கு பஸ் பேசுவதும் அவர்தான், தோற்றுவிட்டுத் திரும்பும் வழியில் பையன்களுக்கு பீட்சா வாங்கித் தருவதும் அவர்தான். இந்த வேலையிலேயே தலை நரைத்தது, முழங்காலும் போயிற்று. வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் மெனக்கெடவில்லை.

மார்ச் மாதத்தில் விளையாட்டுத் துறைத் தலைவர் பெட்ரி அவரைக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். காபி கொடுத்தபோதே வெண்டலுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மனசுல வச்சுக்காதே வெண்டல். இந்த வருஷமும் பிளே-ஆஃப் போகலேன்னா, இளசா ஒருத்தரைப் பார்க்கலாம்னு மேலே பேசிக்கிறாங்க."

"மேலேன்னா யாரு? நீதானே?"

"நானுந்தான்," என்றார் பெட்ரி. அந்த மட்டுக்கும் யோக்கியன்.

எல்லாம் லீகின் கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. எதிரில் கார்ஸ்டேர்ஸ் கல்லூரி. ஜெயித்தவர்கள் பிளே-ஆஃப், தோற்றவர்கள் வீட்டுக்கு. காலையிலிருந்தே விடாத மழை. ஆட்டத்துக்கு முன்னால் பந்துகளை வாளியில் அள்ளிக்கொண்டிருந்த வெண்டலிடம், கார்ஸ்டேர்ஸ் சட்டை போட்ட ஒருவன் ஓடி வந்தான். கோல்பி மரன். அவர்கள் அணியில் அதிகம் கோல் அடிப்பவன். பள்ளிக்கூட நாளில் கோடை விடுமுறை தவறாமல் வெண்டலின் பயிற்சி முகாமுக்கு வந்தவன், அவர் வீட்டுச் சமையலறையில் உரிமையாய்ப் பிரிட்ஜைத் திறந்தவன். பொறியியல் படிக்க வேண்டும் என்று அந்தப் பக்கம் போய்விட்டான், அவ்வளவுதான்.

"கோச், இதக் கொஞ்சம் பாருங்களேன். மழையில வலை தொய்ஞ்சுபோன மாதிரி இருக்கு. எங்க கோச்சுகிட்ட கேட்டா கத்துவாரு."

வெண்டல் மட்டையை வாங்கினார். வலையில் ஒரு பந்தைப் போட்டுக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். பந்து மட்டையின் சட்டத்துக்குக் கீழே மொத்தமாய்த் தொங்கக் கூடாது, தொங்கினால் அது செல்லாத மட்டை. இந்தப் பந்து முழுசாய்த் தொங்கியது. கீழ்க்கயிற்றை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டால் தீர்ந்தது. அவர் விரலுக்கு அது ஒரு வேலையே இல்லை.

"ஒண்ணுமில்ல, இருக்கட்டும்," என்றார். "ஆட்டத்துக்கு முன்னாடி வலையில கை வச்சா எறியற வாகே மாறிடும்டா. விட்டுடு."

"நீங்க சொன்னா சரி, கோச்," என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான்.

அந்த நேரத்தில் தன் மனசில் என்ன இருந்தது என்று வெண்டல் பிற்பாடு நூறு விதமாய்ச் சமாதானம் சொல்லிப் பார்த்தார். ஆட்டத்துக்கு முன் வலையைத் தொடாதே என்பது ஊரறிந்த சங்கதிதானே, அதைத்தானே சொன்னேன் என்றார். எதிரணிக்கு நான் ஏன் முடிச்சுப் போட வேண்டும் என்றார். எதுவும் நிற்கவில்லை. பந்து தொங்கியதைப் பார்த்த கண் அவருடையதுதான்.

ஆட்டம் சமமாகவே போய், கடைசி நிமிடத்தில் கோல்பி இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு உள்ளே புகுந்து அடித்தான். கோல். கார்ஸ்டேர்ஸ் பெஞ்சு மொத்தமும் மைதானத்துக்குள் குதித்தது.  பெட்ரியின் காபி, காலி செய்ய வேண்டிய அறை, இனி விடிந்தால் எங்கே போவது என்ற கேள்வி எல்லாம் வெண்டலின் தலைக்குள் ஒன்றாய் வந்து முட்டின. அவர் கை தானாக உயர்ந்தது.

"ரெஃப்ரி. அந்தப் பையன் மட்டையைப் பாருங்க."

ஆட்ட விதியில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அடித்த கோலுக்கு மட்டையைச் சோதிக்கச் சொன்ன கோச்சின் மூஞ்சியை யாரும் லேசில் மறப்பதில்லை. சோதனையில் மட்டை சரியாக இருந்துவிட்டால் தண்டனை கேட்டவருக்கு. உதவிக் கோச் ரூடி பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார்.

"என்னய்யா பண்றே? அது நம்ம கோல்பி. மட்டை சரியா இருந்துச்சுன்னா நம்ம கதை கந்தல்."

"இருக்காது."

"உனக்கெப்படித் தெரியும்?"

வெண்டல் ரெஃப்ரியை நோக்கி இரண்டடி நடந்தார். ரூடி நகர்ந்து நின்றுகொண்டார்.

மட்டையை நீட்டும்போதே அடிக்கயிற்றை ஒரு சுண்டு சுண்டி வலையை ஏற்றிவிடும் களவாணித்தனம் இந்த ஆட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கோல்பி அதைச் செய்யவில்லை. அப்படியே கொடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து வெண்டலைப் பார்த்தான். முறைக்கவில்லை. கணக்கு விளங்காதவன் கரும்பலகையைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். ரெஃப்ரி பந்தை வலையில் போட்டுப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினார். கோல் செல்லாது, தண்டனையாகக் கோல்பியும் வெளியே. ஓர் ஆள் குறைந்த கார்ஸ்டேர்ஸ் மீது ஹாலோவெல் பையன்கள் பாய்ந்து ஒரு கோல் போட்டார்கள். அதோடு ஆட்டம் முடிந்தது.

கை கொடுக்க வரிசையில் போகும்போது கார்ஸ்டேர்ஸ் கோச் கத்துவது கேட்டது. "ஆட்டத்துக்கு முன்னாடி மட்டையைப் பார்க்கணும்னு கூடவா சொல்லித் தரணும்? எருமை."

"மறந்துட்டேன் கோச். என் தப்புதான்," என்றான் கோல்பி.

 அவன் கை வெண்டலின் கையில் வந்தபோது அவர் அவனுடைய காலணியைத்தான் பார்த்தார்.

ஆட்டம் முடிந்தால் பெற்றோர்கள் வண்டி நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு இரண்டு அணிக்கும் சாப்பாடு போடுவது வழக்கம். தப்பித்துப் போகப் பார்த்த வெண்டலைப் பெட்ரி தோளில் தட்டி நிறுத்தினார். "திங்கட்கிழமை வா. அடுத்த ஒப்பந்தத்தைப் பேசி முடிச்சிடலாம்." இத்தனை மாதமாய் ஏங்கிய வார்த்தை. காதில் விழுந்தபோது இனிக்கவில்லை.

அதற்குள் கோல்பியின் அம்மா நோரீன், பீன்ஸும் இறைச்சியும் போட்ட சூடான சில்லிக் குழம்பு ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பின்னால் நனைந்த தலையோடு கோல்பி.

"கோச், உங்க மேல எனக்கு வருத்தமே இல்ல. இவன் எல்லாம் சொன்னான். நீங்க முன்னாடியே பார்த்து, முடிச்சுப் போட்டுக்கடான்னு சொன்னீங்களாமே. இந்தச் சோம்பேறி போடல. எதிரணிப் பையனுக்கு யாரு இப்படிச் சொல்லுவாங்க? நீங்க சொன்னீங்க. அது போதும்."

வெண்டல் நிமிர்ந்து கோல்பியைப் பார்த்தார். அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

இல்லை நோரீன், நான்தான் விட்டுடு என்றேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பக்கத்தில் பெட்ரி நின்றார். ரூடி நின்றார். வெண்டல் வாயைத் திறந்தார்.

"பரவாயில்ல," என்றது வாய். "அடுத்த தடவை கவனமா இருப்பான்."

நோரீன் முகம் மாறியது. "அடுத்த தடவை ஏது கோச்? இது அவனுக்குக் கடைசி வருஷம். இதுதான் கடைசி ஆட்டம்."

கிண்ணத்தை வெண்டலின் கையில் வைத்தாள். கோல்பி அம்மாவின் தோளைத் தொட்டான்.

"வாம்மா, போகலாம். கோச் சாப்பிடட்டும்."