யோகராஜ் தட்டிய மாலை

யோகராஜைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து லோஜினி அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "முடியலன்னா தட்டிருங்க."

கூண்டுக்குள் நடக்கும் சண்டையில் தட்டுவது என்றால் தோல்வியை ஒப்புக்கொள்வது. எதிராளி கையை முறுக்கும்போதோ கழுத்தை இறுக்கும்போதோ, அவன் மேலோ தரையிலோ கையால் தட்டினால் போதும், நடுவர் பாய்ந்து வந்து பிரித்துவிடுவார். எலும்பு தப்பும். பெரிய பெரிய வீரர்களெல்லாம் தட்டுவார்கள். யோகராஜ் மட்டும் தட்டியதே இல்லை. மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, கொழும்பிலும் துபாயிலும் கூண்டேறி, எட்டு வருடம் யாராலும் அசைக்க முடியாத சம்பியனாக இருந்தவனுக்கு அப்படியொரு தேவை வரவும் இல்லை.

தேவை வந்தபோதும் அவன் தட்டவில்லை. பட்டத்தை இழந்த அன்று கழுத்துப் பிடியில் மயங்கிப் போனான். அடுத்த சண்டையில் தோள்மூட்டு விலகியது. அதற்கடுத்ததில் முழங்கால். சுவரொட்டிகளில் அவன் படம் நடுவிலிருந்து மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது. சண்டைக்குக் கூப்பிட்ட துபாய்க்காரர்கள் அவன் அழைத்தால் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். லோஜினி கண்டி நகரில் தன் அலுவலக வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவனுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டாள், சோறு ஊட்டினாள். ஆனால் ஒரு சண்டையைக்கூட நேரில் பார்த்ததில்லை. அந்த நேரம் தொலைபேசியை அணைத்துவிட்டு அலுமாரியிலிருக்கும் துணியை எல்லாம் இழுத்துப்போட்டு மறுபடி மடித்து வைப்பாள்.

கண்டியிலேயே ஒரு சண்டை ஏற்பாடானபோது, எதிராளி பக்கத்திலுள்ள மடவளையைச் சேர்ந்த அஹ்னாப் என்றார்கள். இளம் வயது, இன்னும் தோற்றதில்லை. யோகராஜின் பயிற்சியாளர் ஹலீமும் அதே மடவளைதான்.

"மச்சான், ஊர்ல ஒருத்தனும் என்னோட பேசுறான் இல்ல. சாயாக் கடைக்குப் போனா, யோகராஜ் வீட்டுல போய்க் குடின்னு சொல்றானுக" என்று ஹலீம் வந்து புலம்பினான்.

யோகராஜ் சிரித்தான். லோஜினி சிரிக்கவில்லை. "இந்த முறை நானும் வாறேன்" என்றாள்.

"நீ வந்தா எனக்குப் பயமா இருக்கும்."

"நல்லதுதானே. பயந்தா தட்டுவீங்க."

சண்டையன்று மாலை உள்ளரங்கம் நிரம்பி வழிந்தது. மடுல்கெல்லையிலிருந்து ஒரு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஜனம் இறங்கியிருந்தது. யோகராஜின் அப்பா ராஜரத்தினம் மடியில் பெரிய ரோஜா மாலையோடு மருமகள் பக்கத்தில் அமர்ந்தார். பின்வரிசையில் தப்பு மேளக்காரர்கள். எதிர்ப்பக்கம் முழுக்க மடவளை.

முதல் சுற்றில் பழைய யோகராஜ் வந்துவிட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவன் உதை ஒன்று அஹ்னாபின் விலாவில் விழுந்தபோது ராஜரத்தினம் மாலையோடு எழுந்து நின்றுவிட்டார். இரண்டாவது சுற்றில் அவன் மூச்சு வாங்குவது லோஜினி இருந்த இடத்துக்கே தெரிந்தது. அஹ்னாப் அவனைத் தூக்கிக் கீழே போட்டு, வலது கையைத் தன் இரு தொடைகளுக்கும் நடுவே இழுத்து நீட்டினான். இன்னும் கொஞ்சம் வளைத்தால் முழங்கை போய்விடும்.

லோஜினி யோகராஜின் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது காற்றில் அப்படியே நின்றது, எங்கே போவதென்று தெரியாததுபோல. பிறகு இறங்கி அஹ்னாபின் காலில் தட்டியது. மெதுவாக, உள்ளே வரலாமா என்று கதவைத் தட்டிக் கேட்கிற மாதிரி.

நடுவர் பிரித்துவிட்டார். மடவளைக்காரர்களுக்கே நம்ப முடியவில்லை. யோகராஜ் மல்லாந்து கிடந்தபடி வலது கையை மடக்கினான், நீட்டினான், மறுபடி மடக்கினான். விரல்களை ஆட்டிப் பார்த்தான். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினான்.

அஹ்னாப் பயந்துபோய், அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டான். "நானா, ஏதும் பட்டிச்சா?"

"இல்லடா தம்பி. இது இவ்வளவு லேசான காரியம்னு எனக்கு எவனும் சொல்லவே இல்லையே."

ஒலிவாங்கி முன்னால் நின்று, "போதும், இனி நான் சண்டை போடல" என்று மட்டும் சொன்னான். பிறகு கூட்டத்துக்குள் லோஜினியைத் தேடிக் கண்டுபிடித்து வலது கையை உயர்த்திக் காட்டினான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கன்னம் நனைந்திருந்ததை அவள் துடைக்கக்கூட இல்லை.

ராஜரத்தினம் மாலையைப் பார்த்தார், மேளக்காரர்களைப் பார்த்தார். "ஏம்மா, இப்ப இத என்னா பண்றது?"

"அடிக்கச் சொல்லுங்க மாமா. உங்க மகன் முழுசா வந்திருக்காரு."

தப்பு முழங்கியது. யோகராஜ் அந்த மாலையை வாங்கி அஹ்னாபின் கழுத்தில் போட்டு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான். மடவளைப் பையன்கள் மேளத்துக்கு ஆடத் தொடங்கினார்கள். தோட்டத்துப் பெண்கள் தாளம் போதாதென்று மேளக்காரர்களை அதட்டினார்கள். வீதியில் வாகனங்கள் நின்றன. ஒரு பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்து, யார் ஜெயிச்சது என்று கேட்டான்.

"அந்தத் தம்பி செயிச்சான். எங்க பய பொழச்சான்" என்றார் ராஜரத்தினம்.

ஹலீமின் மச்சான் பாயிஸ் மடவளையில் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. பெரிய சஹன் தட்டில் புரியாணி வந்தது. யோகராஜ், அஹ்னாப், ஹலீம், ராஜரத்தினம் நால்வரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தன் கல்யாணத்தன்றே எடை கூடிவிடும் என்று அவித்த முட்டையின் வெள்ளையை மட்டும் தின்ற யோகராஜ், இப்போது தட்டில் அடுத்தவன் பக்கம் இருந்த இறைச்சியையும் எடுத்தான். "நானா, அது என்ட பங்கு" என்றான் அஹ்னாப். "நீ ஜெயிச்சிட்டியே, உனக்கு எதுக்கு இதெல்லாம்" என்றான் யோகராஜ். அடுத்த சஹனில் அஹ்னாபின் உம்மா லோஜினிக்கு ஊறுகாயை அள்ளி வைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் இனிப்புக்கு வட்டிலாப்பம் வந்தபோது யோகராஜ் கதிரையை லோஜினி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "நாளையிலிருந்து காலையில எழும்பி நான் என்ன செய்றது?"

"தெரியல. நாளைக்கு ஞாயிறு. முதல்ல நல்லாத் தூங்குங்க."

"அதுவும் சரிதான்" என்று சொல்லி, அவள் வட்டிலாப்பத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.