மொட்டை என்கிற பஞ்சவர்ணக்கிளி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு போட்டோ ஸ்டூடியோவில். பாஸ்போர்ட் படம் எடுக்கப் போயிருந்தேன். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பஞ்சவர்ணக்கிளி இறக்கை விரித்து நின்றது. நெஞ்சில் கட்டைவிரல் அளவுக்கு இறகில்லாத வெறும் தோல்.

"இத டச்சப் பண்ண மறந்துட்டீங்க போல" என்றேன்.

"மறக்கல சார். உக்காருங்க, சொல்றேன்" என்றாள் ஸ்டூடியோக்காரி.

கேட்டுவிட்டு வந்து இப்படித் தொடங்கினேன்: வானவில் உடைந்து விழுந்தாற்போல அந்தப் பறவைக்கூடத்தில்…

(வேண்டாம். உள்ளே போனதும் எச்சமும் அழுகிய பழமும்தான் மூக்கைத் துளைக்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.)

2

அவளுடைய அண்ணனுக்குப் பறவைக்கூடத்தில் வேலை. அந்தக் கிளி யார் வீட்டிலோ தனியாகக் கிடந்து, தன் நெஞ்சு இறகையெல்லாம் தானே பிடுங்கிப்போட்ட பிறகு அங்கே வந்து சேர்ந்தது. ஊழியர்கள் மொட்டை என்று பெயர் வைத்தார்கள். அண்ணன் அதற்குக் கடித்துத் துப்ப மரக்கட்டையும் அட்டைப்பெட்டியும் கொடுத்துக்கொண்டே இருந்தார். மதியம் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். மெல்ல மெல்ல நெஞ்சில் சிவப்பு இறகு முளைத்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

(இந்த அண்ணன்மீது எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவர் கதையில் தாங்கமாட்டார். ஒரு குறையாவது சொல்லும்மா என்று கெஞ்சினேன். "கூண்டத் தேச்சுத் தேச்சுக் கழுவுவாரு. வீட்டுல குடிச்ச டம்ளர எடுத்து வைக்கமாட்டாரு. அண்ணிகிட்ட கேட்டுப் பாருங்க." பிழைத்தேன்.)

3

கூடத்தின் வாசலில் மாட்ட ஒரு பெரிய படம் வேண்டும் என்று மேலாளர் அவளைக் கூப்பிட்டார். கல்யாண வீடுகளிலேயே காலம் தள்ளியவளுக்கு அது பெரிய வாய்ப்பு. எந்தப் பறவை என்பதை அண்ணன்தான் சொன்னார்: "மொட்டைய எடு."

கம்பிவலை படத்தில் விழாமலிருக்க லென்ஸை வலையோடு ஒட்டிப் பிடித்தாள். மொட்டை முதுகைத்தான் காட்டியது. இடம் மாறினாள், அதுவும் திரும்பிக்கொண்டது. கடைசியில் அண்ணன் உள்ளே போய்க் கையை நீட்டினார். கிளி திரும்பி, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக இரண்டு இறக்கையையும் விரித்தது. அழுத்தினாள்.

கேமராத் திரையில் அந்த வெறும் தோல் பளிச்சென்று தெரிந்தது.

"ரெண்டு நிமிஷ வேலைண்ணா. நிரப்பிடறேன்."

"அந்த இடத்துல மட்டுந்தான் முளைக்கல. அத மறைச்சிட்டா மிச்சமெல்லாம் முளைச்சதுதான்னு யாருக்குத் தெரியும்?"

அவள் படத்தை அப்படியே கொண்டுபோய் மேலாளரிடம் காட்டினாள்.

"அழகா இருக்கு. அந்த ஓட்டைய மட்டும் சரி பண்ணிடுங்க. இல்லன்னா வேற கிளிய எடுங்க" என்றார் அவர்.

கூட வந்திருந்த அண்ணன் வாய் திறக்குமுன் அவள் சொன்னாள்: "வேற கிளி வேணும்னா வேற ஆள வச்சுக்குங்க சார்."

4

முடிவு (அ): மேலாளர் மனம் மாறி, படம் வாசலில் ஏற, கூட்டம் கைதட்டி…

முடிவு (ஆ): பளபளவென்று வேறொரு கிளி வாசலில் தொங்க, அண்ணன் தினமும் அதைக் கடந்து…

மறுநாள் மேலாளர் போன் செய்தார் என்பது உண்மை. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. வாசலில் எந்தப் படத்தை வேண்டுமானாலும் நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள். என்னால் அன்றைக்கு அவர்கள் இருவரும் வெளியே நடந்த அந்த நடையை விட்டு நகர முடியவில்லை.

மேலாளர் அறையிலிருந்து கேட் வரை அண்ணன்தான் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் தோட்டக்காரர் எதிர்ப்பட்டார். பிறகு டிக்கெட் கொடுப்பவர். பிறகு காவலாளி. காலையிலேயே அவளைப் பார்த்துப் பேசியவர்கள்தான் எல்லோரும். ஆனாலும் ஒவ்வொருவரிடமும் நின்று, யாரும் கேட்காமலேயே சொன்னார்:

"என் தங்கச்சி. மொட்டையப் படம் எடுத்தவ."