பக்கத்துக்கு மூன்று டிரம்

ஏசுதாசன் விழுந்து மூன்றாம் நாள், அதே ஆறு டிரம்மை வைத்து மறுபடியும் மிதவை கட்டிக்கொண்டிருந்தார்கள். சுந்தர்சிங் குழியின் விளிம்பில் சம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். சட்டைப் பையில் ஒரு நோட்டுத்தாள் நாலாக மடிந்து கிடந்தது. கை அடிக்கடி அங்கேயே போய் வந்தது.

பல்லாவரம் மலைக்குப் பின்னால் இருந்த கருங்கல் குழி அது. எழுபத்திரண்டாம் வருஷத்து மழை அதில் இறங்கி, விளிம்புக்கு முப்பதடி கீழே குளமாக நின்றுவிட்டது. தண்ணீரை இறைத்தால்தான் கல். கல் இருந்தால்தான் நாற்பது வீட்டில் அடுப்பு. மேலே வைத்த எஞ்சின் அத்தனை கீழேயிருந்து உறிஞ்சாது. எஞ்சினையே தண்ணீர் மேல் கொண்டுபோய் வைக்க வேண்டும், தண்ணீர் இறங்க இறங்க அதுவும் கூடவே இறங்க வேண்டும். அதற்குத்தான் காலி டிரம்களைக் கட்டி, மேலே பலகை போட்டு மிதவை.

எத்தனை டிரம் வேண்டும் என்று மேஸ்திரி தசரதன் போன வாரம் கேட்டார்.

"கணக்குப் போட்டு சொல்றேன் மேஸ்திரி" என்றான் சுந்தர்சிங்.

"இன்னாபா, புரொபசராயிட்டியா?"

சுந்தர்சிங்குக்கு எழுத்து வந்ததே முப்பத்தெட்டு வயதில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் கோயில் பள்ளிக்கூடத்தில் ரத்தினபாய் டீச்சர் பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தார். ஒருநாள் ஒரு வாளித் தண்ணீரில் இரும்பு ஆணியைப் போட்டு முழுகவிட்டார். அதே இரும்பில் செய்த டப்பாவைப் போட்டு மிதக்கவிட்டார். "எத்தனை கிலோ, எத்தனை லிட்டர் இடம் அடைக்குது, ரெண்டையும் பாருங்க. கிலோவை லிட்டரால வகுத்தா அடர்த்தி. ஒண்ணுக்குக் கீழ வந்தா மிதக்கும். மேல வந்தா முழுகும்." இருபத்திரண்டு வருஷமாகக் கல்லைச் சுமந்தவனுக்கு, கனமான சாமான் முழுகும், லேசான சாமான் மிதக்கும் என்றுதான் தெரியும். அன்று வீட்டுக்கு நடந்து வந்த வழியெல்லாம் அந்த ஒன்று அவன் கூடவே வந்தது. முதலாளி அதட்டினாலும் மாறாத ஒன்று.

மண்ணெண்ணெய் டின்னால் டிரம்முக்குள் தண்ணீர் ஊற்றி எண்ணினான். பதினோரு டின்னும் சொச்சமும், இருநூறு லிட்டர். காலி டிரம் இருபது கிலோ. எஞ்சின் நானூற்று ஐம்பது, பம்பு நூற்றிருபது, மரம் இருநூற்று ஐம்பது, சங்கிலியும் சாமானும் நாற்பது, ரப்பர் குழாய் நாற்பது, ஆள் ஒருத்தன் அறுபது. ஆறு டிரம்மின் எடையையும் கூட்டினால் ஆயிரத்து எண்பது கிலோ. ஆறு டிரம் அடைக்கும் இடம் ஆயிரத்து இருநூறு லிட்டர். வகுத்தான். புள்ளி ஒன்பது.

"ஆறு போதும் மேஸ்திரி. பக்கத்துக்கு மூணு."

"இது மட்டும் மெதந்துச்சுன்னு வையி, அன்னியோட நீ சம்மட்டிய தொட வேணாம். ஷெட்ல குந்திகினு லாரிக்கு சீட்டு எழுது."

காலையில் எழுந்தால் காபி டம்ளரைப் பிடிக்க வலது மணிக்கட்டு கால் மணி நேரம் கெஞ்ச வைக்கும். அந்தக் கைக்கு நிழலில் உட்கார்ந்து எழுதும் வேலை. சுந்தர்சிங் அன்று ராத்திரி முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினான்.

புதன்கிழமை மிதவை அழகாக மிதந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எஞ்சின் ஓட்ட இறங்கியவன் ஏசுதாசன், சுந்தர்சிங்கின் மைத்துனன், மனைவி ஜெயசீலிக்குப் பின்னால் பிறந்தவன். கைப்பிடியைச் சுற்றினான். எஞ்சின் புகைவிட்டது. பாறையோரம் தொங்கிய குழாய் உப்பி, உதறி, உயிர் வந்த மாதிரி நிமிர்ந்தது. அதன் மேல்முனையில் தண்ணீர் வந்து விழுவதற்குள் குழாய் இருந்த பக்கம் அமிழ்ந்தது. எஞ்சின் சறுக்கியது. ஒரு நொடியில் எல்லாம் தலைகீழ். டிரம்கள் கட்டு அறுந்து சிதறின. அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஏசுதாசன் மேலே வந்தான். எஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவில் சிக்கிய முழங்கால் மட்டும் அவன் முழங்காலாக இல்லை.

"டிரம்மு ஒயுவிகீது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் மேஸ்திரி. "பாய் பத்தவச்ச லட்சணம்."

டிரம்களின் வாயை கேஸ் வெல்டிங் வைத்து அடைத்தவன் அமீருதீன். ஒழுகின டிரம் தண்ணீர் குடித்து அமிழ்ந்து கிடக்கும். இந்த ஆறும் வாத்துக் கூட்டம் மாதிரி முதுகு காட்டி மிதந்தன. சுந்தர்சிங் அதைப் பார்த்தான். சம்மட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

அன்று சாயங்காலம் நோட்டைப் பிரித்தான். விட்டது எது என்று பார்த்தவுடன் தெரிந்தது. குழாயைக் காய்ந்த குழாயாக எடை போட்டிருந்தான். எஞ்சின் ஓடினால் அதற்குள் தண்ணீர் நிறையும். நாலு அங்குலக் குழாய், நாற்பதடி நீளம்: தொண்ணூற்றாறு கிலோ. டிரம்முக்குள் ஊற்றி அளந்தவனுக்குக் குழாய்க்குள் ஊற்றி அளக்கத் தோன்றவில்லை. கிணற்றுக்குள் இருக்கும் குடம் கனக்காது என்பது பிறந்ததிலிருந்து கைக்குப் பழகிய பாடம். தண்ணீருக்குத் தண்ணீர் என்ன பாரம் என்று மனசு அதைத் தாண்டிப் போய்விட்டது.

அதையும் கூட்டி மறுபடி வகுத்தான். புள்ளி ஒன்பது எட்டு.

ஒன்றுக்குக் கீழேதான்! அப்படியென்றால் மிதந்திருக்க வேண்டும். அப்படியென்றால் டிரம்தான் ஒழுகியிருக்கும். அப்பாடா என்று தாளை நாலாக மடித்தான். ஆனால் அதை நோட்டுக்குள் வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஜெயசீலி சோற்றைப் போட்டுக்கொண்டே அழுதாள். "காலு மடங்கவே மடங்காதாம். அந்த பாய் கையி வெளங்குமா? ஒரு ஓட்டைய ஒயுங்கா அடைக்கத் தெரியாதவன்லாம் எதுக்குத் தொழில் பண்றான்?"

சுந்தர்சிங் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

முழுகின எஞ்சினைச் சங்கிலி போட்டு இழுத்துக் கழற்றிக் காயவைத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை அமீருதீன் ஆறு டிரம்மையும் ஒவ்வொன்றாகத் தொட்டியில் அமுக்கிப் பார்த்தான். "ஒரு கொமிழி வரல மேஸ்திரி. புதங்கெயமையும் வரல. நீங்க கேக்கல."

"அப்போ இன்னா பயம்? நீயே ஏறு. கயிறு கட்னவன்தான் மொதல்ல அதுல எறங்கணும். நம்ம குழி சட்டம் தெரியுமில்ல?"

தெரியும். அந்தக் குழியில் யார் முடிச்சுப் போட்டாலும் அவன்தான் முதலில் தொங்க வேண்டும். அமீருதீன் தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏணியில் இறங்கினான். மிதவையின் ஓரத்தில் காலை வைத்தான். அந்த ஓரம் ஒரு சாண் அமிழ்ந்தது. எதிர் ஓரம் ஒரு சாண் எழும்பியது.

சுந்தர்சிங்கின் கண் குழாய் மேல் போனது. பாரம் நடுவில் இருந்தால்தான் ஆறு டிரம்மும் சேர்ந்து தாங்கும். குழாய் நடுவிலா தொங்குகிறது?

மண்டிபோட்டு, ஒரு வெள்ளைக் கல்லால் பாறையில் எழுதினான். ஆயிரத்து எண்பதில் பாதி ஐந்நூற்று நாற்பது. குழாய்த் தண்ணீர் தொண்ணூற்றாறு, அத்தனையும் இந்தப் பக்கம். அறுநூற்று முப்பத்தாறு. தாங்க இருப்பது மூன்று டிரம், அறுநூறு லிட்டர். வகுக்கக்கூட வேண்டாம். ஒன்றுக்கு மேலே.

"பாய்! எஞ்சின தொடாதே!"

மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் தலைக்கு மேல் போனது. குரல் யாருக்கும் எட்டவில்லை. கீழே அமீருதீன் கைப்பிடியில் கை வைத்துவிட்டான். சுந்தர்சிங் சம்மட்டியைத் தூக்கி ஏணியின் இரும்பில் அறைந்தான். அந்த அதிர்வில் அமீருதீன் தலையைத் தூக்கினான்.

"இன்னா சிங்கு, காலங்காத்தால சாமி வந்துடுச்சா?" என்றார் மேஸ்திரி.

"டிரம்மு ஒயுவல மேஸ்திரி. கணக்குதான் தப்பு. என் கணக்கு. குழாய்க்குள்ள நிக்கற தண்ணிய நான் சேக்கல."

"தண்ணிமேல மெதக்கறதுக்கு தண்ணி இன்னாய்யா பாரம்? கெணத்துல கெடக்கற கொடம் கனக்குதா?"

"தண்ணிக்குள்ள கெடக்கறவரைக்கும் கனக்காது. மேல தூக்கினா? இந்தக் குழாய் முப்பதடி மேல ஏறுதே."

மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார். இனி வாயால் ஆகாது என்று சுந்தர்சிங் பம்பிலிருந்து குழாயைக் கழற்றி மேலே இழுக்கச் சொன்னான். ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை உயர்த்திப் பிடித்து டின் டின்னாக ஊற்ற வைத்தான். ஐந்து டின் குடித்தும் அதற்குத் தாகம் அடங்கவில்லை. வாயையும் கட்டிக் கீழே போட்டார்கள். காலையில் அதைச் சுருட்டி ஒற்றை ஆளாகத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவள், கல் சுமக்கும் காமு.

"தூக்கு காமு."

காமு முந்தானையைச் சொருகிக்கொண்டு குனிந்தாள். அசையவில்லை. இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் நழுவியது.

"யம்மாடி, மலப்பாம்பு மாதிரில்ல கீது! யார முயுங்கிச்சு?" என்றாள் காமு. இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு ஏசுதாசன் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

"எத்தினி டிரம்மு வோணும்?" என்றார் மேஸ்திரி, முகத்தைப் பார்க்காமல்.

"பக்கத்துக்கு நாலு. வகுத்தா புள்ளி எட்டு ரெண்டு."

அமீருதீன் மேலே வந்திருந்தான். "இது ஒனக்கு எப்போ தெரியும்?"

"புதங்கெயம சாயங்காலமே பாதி தெரியும் பாய். மீதி இப்பதான்."

"பாதி தெரிஞ்சுகினு மூணு நாளா சும்மா இருந்தே. தெருக் கொயாயாண்ட தண்ணிக்குப் போனா குல்ஷனுக்கு யாரும் எடம் வுடல. ஆள சாகடிக்கப் பாத்தவன் பொண்டாட்டியாம்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் சுந்தர்சிங்குக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

இன்னும் இரண்டு டிரம் வந்தன. அமீருதீன் அவற்றை அடைத்து, தொட்டியில் அமுக்கிப் பார்த்து, கட்டி முடிக்க மணி மூன்று. முடித்துவிட்டுத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான்.

"டிரம்ம அடைச்சவன் நானு. கணக்கு போட்டவன் அவன். இப்போ யாரு ஏறணும் மேஸ்திரி?"

மேஸ்திரி சுந்தர்சிங்கைப் பார்த்தார். சுந்தர்சிங்குக்கு நீச்சல் தெரியாது. மேஸ்திரிக்கும் அது தெரியும்.

சுந்தர்சிங் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுமுனையை அமீருதீனிடம் நீட்டினான். கொஞ்ச நேரம் அது நீட்டினபடியே இருந்தது. பிறகு அமீருதீன் வாங்கிக்கொண்டான்.

சுந்தர்சிங் கீழே இறங்கிக் கைப்பிடியைச் சுற்றினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. குழாய் உப்பியது. குழாய்ப் பக்கம் அமிழத் தொடங்கியது. ஒரு விரல். இரண்டு விரல். புள்ளி எட்டு இரண்டு, புள்ளி எட்டு இரண்டு என்று வாய் முணுமுணுத்தது. நாலு விரல். டிரம்மின் முதுகு ஒரு கையகலம் நனையாமல் மிச்சமிருக்க, அமிழ்வது நின்றது. மேலே பாறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யாரோ விசில் அடித்தார்கள்.

"திங்கக்கெயம சம்மட்டிய எட்த்துகினு வந்துடு" என்று மேஸ்திரியின் குரல் அதற்கு மேலே கேட்டது.

சுந்தர்சிங் தலையாட்டினான். இன்று வீட்டுக்குப் போனதும், ஜெயசீலி சோறு போடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அவள் தட்டை வைத்துவிட்டால் வாய் வராது. நனையாத அந்தக் கையகலத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அளந்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அளந்தான். இடுப்புக் கயிறு மேலே போய்க்கொண்டிருந்தது, யாரோ பிடித்திருக்கிற இறுக்கத்தோடு.