பித்தளைப் பொத்தான் கோட்டு

கோட்டின் உள்பைக்குள் கையை விட்டேன். யாரோ மூக்குச் சிந்திச் சுருட்டி வைத்த காகிதம், அப்பளமாகக் காய்ந்து, விரலோடு வந்தது. சீ! எந்த நாட்டுக்காரன் சளியோ, மூட்டையோடு மூட்டையாகக் கப்பலேறி காரைக்குடிச் சந்தைப் பக்கத்துப் பழைய துணிக்கடை வரைக்கும் வந்திருக்கிறது. உதறிவிட்டுக் கையைச் சுவரில் தேய்த்தேன். துவைத்தால் எல்லாம் போய்விடும் என்றான் கடைக்காரன். கழுத்துப் பட்டையில் ஒரு செம்பட்டை முடி வேறு ஒட்டியிருந்தது. அக்குள் பக்கம் முகர்ந்து பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று ஆகிவிட்டது.

ஆனாலும் வாங்கினேன். கருநீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான், நெஞ்சில் ஏதோ சிங்க முத்திரை. புதிதாக வாங்குவதென்றால் என் இரண்டு மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைக்க வேண்டும்.

நான் வேலை பார்த்தது ஒரு பழைய செட்டியார் வீட்டில். வீடு என்றா சொல்வது, ஓட்டல். பங்காளிகள் சேர்ந்து அதைச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். நான் வரவேற்பு மேசையில் சாவி கொடுத்து வாங்குகிறவள். மேனேஜர் கார்த்திகேய சிவம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வெறும் வீடு போதவில்லை, வீட்டு ஆட்களையும் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றார். வீட்டு ஆட்கள் யாரும் ஊரில் இல்லை. அதனால் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பி வந்த இந்த வீட்டுப் பெண்ணாக நான் சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்க வேண்டும். நின்றால் வேலை நிரந்தரம், சம்பளம் இரட்டிப்பு. முத்தழகு என்ற பேர் நாட்டுப்புறமாக இருக்கிறதாம், நித்யஸ்ரீ என்று பேட்ஜ் அடித்துக் கொடுத்தார். உடுப்பு பிரெப்பியாக இருக்க வேண்டும், பரம்பரைப் பணக்காரக் களை தெரிய வேண்டும் என்றார். அதை என் காசில் நான்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பரம்பரைப் பணக்காரர்களை இந்தப் பக்கத்தில் நான் பார்க்காதவளா? வெள்ளை வேட்டியும் வெற்று மார்புமாகக் கோயிலுக்கு நடந்து போவார்கள். அதை இவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது.

ஏன் சரி என்றாய் என்று கேட்டால், என் அப்பாவின் கையைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். அவர் பூமிநாதன். சொந்த ஊர் காளையார்கோவில். பிழைக்க ஆத்தங்குடிக்கு வந்து, தரைக்குப் போடுகிற பூக்கல் பட்டறையில் இருபது வருஷமாகச் சிமெண்டு குழைக்கிறார். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சாப்பிடும்போது குழம்பு பட்டால் கண்ணை மூடிக்கொள்வார். கையைத் தண்ணீரிலும் சிமெண்டிலும் வைக்காமல் இருந்தால்தான் ஆறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வேலை நிரந்தரமானால் அவரைப் பட்டறையிலிருந்து நிறுத்திவிடலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பிரெப்பி என்றால் என்ன என்று போனில் தேடிப் பார்த்தேன். மடிப்பு வைத்த பாவாடை, வெள்ளைச் சட்டை, கைவைக்காத ஸ்வெட்டர், கோடு போட்ட டை, கறுப்புத் தோல் ஷூ. அட பாவிகளா, இது பள்ளிக்கூட யூனிஃபாரம்! பன்னிரண்டு வருஷம் போட்டுக் கழற்றி எறிந்ததை மறுபடியும் மாட்டிக்கொள்ளவா சம்பளம்? ஆனால் ஒரு நன்மை. யூனிஃபாரம் கடையில் இதெல்லாம் மலிவு. போனேன். கடைப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தங்கச்சி எத்தனாவது படிக்கிறது என்றாள். எனக்குத்தான் என்றேன். இருபத்து நாலு வயசுக் கழுதை, துணி மாற்றுகிற திரைக்குப் பின்னால் நின்று பிளஸ் டூ அளவுப் பாவாடையின் கொக்கியை மாட்டினேன். அங்கே தொங்கிய கண்ணாடியில் தெரிந்தவளை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது.

கோட்டை மூன்று தடவை துவைத்தும் வாடை போகவில்லை. டெய்லர் கோட்டைச்சாமி இடுப்பைப் பிடித்தார், கையைக் குறைத்தார், சிங்கத்தைப் பிரித்து எடுத்தார். தோளைத் தொட முடியாது, தொட்டால் மொத்தமும் கெட்டுப்போகும் என்றார். பிறகு பித்தளைப் பொத்தானைத் துணியால் துடைத்துக்கொண்டே எந்த பேண்டு செட்டில் சேர்ந்திருக்கிறேன் என்று கேட்டார். அவர் கேலிக்குக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இந்தக் கோட்டைக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கிறவர்கள்தான் போடுவார்கள்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். துணிதானே. மேனேஜர் அடுத்து சொல்லிக்கொடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கூடத்தில் பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கும், காதில் கடுக்கன் போட்ட ஒருவருடையது. விருந்தாளிகளை அதன் கீழே நிறுத்தி, கையெடுத்துக் கும்பிட்டு, "இவுகதான் எங்க அப்பச்சி" என்று சொல்ல வேண்டும். அப்பச்சி என்றால் தாத்தா என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். செட்டியார் வீடுகளில் அப்பச்சி என்றால் அப்பா, சார் என்றேன். வெள்ளைக்காரனுக்கு அப்பா என்ன, தாத்தா என்ன, கேட்க அழகாக இருக்கிறது, மாற்றாதே என்றார். சொல்லும்போது ஏலக்காயை மென்றுகொண்டிருந்தார். மென்று முடித்த தோலை எடுத்து என் மேசை விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் அந்தச் சொல் வாயிலிருந்து வரவே இல்லை. மூன்றாம் நாள் வந்துவிட்டது. ஒரு வாரத்தில் யோசிக்காமல் வர ஆரம்பித்தது. அதுதான் எனக்குக் குமட்டியது. கேட்டவர்களெல்லாம் கன்னத்தில் கைவைத்து உருகினார்கள், என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனால் அப்பா, இன்றைக்கு என்ன வேலை என்று கேட்பார். வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினேன் என்பேன்.

அந்த மாதக் கடைசியில்தான் வேலை நிரந்தரக் கடிதம் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின வாரம், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பிரெஞ்சுத் தம்பதியும், மலேசியாவிலிருந்து வந்திருந்த தேனம்மை என்ற வயதான அம்மாளும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் இரண்டு நாளாக மாடி அறையில் தங்கியிருந்தார். நூல் புடவை, கையில் ஒற்றை வளையல். அதிகம் பேசாதவர். மேனேஜர் என்னைப் படத்தின் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். வெக்கை தாங்கவில்லை, கோட்டுக்குள் வேர்த்து ஊற்றியது. ஊற ஊற அந்த முன்பின் தெரியாதவனின் அக்குள் வாடை எழும்பி என் மூக்குக்கே வந்தது. சோறு பரிமாறுகிற இடத்தில் நிற்கவே எனக்குக் கூசியது. கும்பிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

பிரெஞ்சுக்காரி உருகினாள். தேனம்மை ஆச்சி கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ எந்தக் கோயிலு ஆத்தா?"

செட்டியார்களுக்கு ஒன்பது கோயில்கள். யாராயிருந்தாலும் அதில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். முன்பின் தெரியாதவர்கள் சந்தித்தால் முதலில் கேட்பது அதைத்தான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்த எனக்கு அது தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் வேர்வையும் பசியும் வாடையுமாக நின்ற அந்த நேரத்தில், எந்த ஊர் என்று கேட்பதாகத்தான் காதில் விழுந்தது. ஒரு வாரமாகப் பொய்யே சொல்லிப் பழகிய வாய், கேட்டதும் உண்மையைக் கக்கிவிட்டது.

"காளையார்கோவில்."

அந்த ஒன்பதில் அது இல்லை. மேனேஜர் சிரித்துச் சமாளித்தார். வெளிநாட்டில் படித்த பெண், இதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது என்றார். ஆச்சி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"படத்துல இருக்கிறது எங்க அப்பச்சி," என்றார் என்னிடம். "நான் இந்த வீட்டுல பொறந்தவ. பொண்ணுக்குப் பங்கு கெடையாது. அதான் வாடகை குடுத்துத் தங்கியிருக்கேன்."

படத்தின் கீழேயிருந்து விலகி நின்றேன். மேனேஜருக்குக் கூச்சமே இல்லை. முகமெல்லாம் பல்லாகி, என்ன அருமையான சந்தர்ப்பம், இரண்டு பேரும் படத்துக்குக் கீழே சேர்ந்து நில்லுங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று போனைத் தூக்கினார். மனிதனா இவன் என்று இருந்தது.

ஆச்சி என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பச்சின்னா யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் ஆச்சி. அப்பா."

"ஒங்க அப்பா இருக்காகளா?"

"இருக்காரு."

"இருக்கும்போதேவா?"

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. வெடித்த விரல்களோடு இந்நேரம் ஆத்தங்குடியில் குனிந்து உட்கார்ந்திருக்கிற மனிதரை, அவருக்காகத்தான் அவருக்காகத்தான் என்று சொல்லிச் சொல்லியே நான் தினமும் இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு வந்த அருவருப்புக்கு அந்தக் கோட்டின் வாடை ஒன்றுமே இல்லை.

"எங்கப்பா பேரு பூமிநாதன்," என்றேன். "ஆத்தங்குடியில பூக்கல்லு போடுறாரு. நான் முத்தழகு. நான் இந்த வீட்டுப் பொண்ணு இல்ல ஆச்சி, சம்பளத்துக்குச் சொன்னேன்."

பிரெஞ்சுக்காரன் என்ன என்று கேட்டான். பெண் தமாஷ் பண்ணுகிறாள் என்று மேனேஜர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. ஆச்சி இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

சாப்பாடு முடிந்ததும் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலையை விட்டு நிறுத்தத்தான் என்று நினைத்துப் போனேன். அவருக்குக் கோபமே இல்லை. போனில் அந்த ஒன்பது பெயர்களையும் எடுத்து வைத்திருந்தார். நாளையிலிருந்து பிள்ளையார்பட்டி என்று சொல், அதுதான் எல்லோருக்கும் தெரிந்த பெயர், கடிதத்தில் நாளைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். இப்படி ஒரு மனிதனிடம் நான் ஒரு வருஷமாக வணக்கம் வைத்திருக்கிறேன்.

நித்யஸ்ரீ பேட்ஜை அவர் மேசையில் வைத்தேன். நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் அப்பா வாசல் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டேன், எனக்கு ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னேன். இதுவரை என்னை ஒரு வார்த்தை அதட்டாத மனிதர், ஈரக் கையோடு எழுந்து நின்று, வந்த நல்ல வேலையை மிதித்துவிட்டு வந்தாயே, அவ்வளவு கொழுப்பா என்று தெருவே கேட்கிற மாதிரி திட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். இவர் என் அப்பா, திட்டுகிறார், திட்டட்டும் என்று முழுவதையும் நின்று கேட்டேன்.