காமுவின் பெரணிச் செடி

வங்காளத்தில், பவானிப்பூர் சந்து வீட்டில் ஜகதாம்பாள் மனசு வைத்துச் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்: ஒரு பெரணிச் செடியை உயிரோடு வைத்திருப்பது. சமையலும் துவையலும் கை தானாகச் செய்துவிடும்.

செடி என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை, உள்ளங்கையில் அடங்கும். அவளுடைய ஒரே பெண் காமு, போன வருஷ மழைக்காலத்தில் படகேறி அக்கரையிலுள்ள ஷிப்பூர் செடித்தோட்டத்துக்குப் போனபோது பாசி பிடித்த சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. அதற்கு ஈரக்காற்று வேண்டும், வெயில் ஆகாது. மிட்டாய்க்கடைக் கண்ணாடி ஜாடி ஒன்றைச் செடியின் மேல் கவிழ்த்து, காலையும் மாலையும் திறந்து தண்ணீர் தெளித்து மறுபடி மூடுவாள் காமு. ஜாடியின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்தால் அவளுக்குப் பரம திருப்தி.

பங்குனியில் காமுவுக்கு அம்மை போட்டது. அந்தச் சமயம் பார்த்தா ஜகதாம்பாள் தூரமாக வேண்டும்! தீட்டுக்காரி கிட்டே போனால் அம்மை முற்றிவிடும் என்பது அவள் சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்த சங்கதி. பின்கட்டு அறையில் உட்கார்ந்து, "அம்மா, அம்மா" என்று பெண் முனகுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கணவர் சுந்தரேசன்தான் வேப்பிலையால் வருடிக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அவள் குளித்துவிட்டு உள்ளே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நல்ல வேளை தொடவில்லை, தன்னால் குழந்தைக்கு ஒரு கெடுதலும் வரவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சிய ஆறுதல். அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினாள்.

காமு போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ராஜதானி டில்லிக்குப் போய்விட்டதே என்று ஆபீஸ்களில் எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்த மார்கழி அது. வறண்ட காற்றில் உதடெல்லாம் வெடித்தது. ஜகதாம்பாள் சாதம் வடிக்கும்போது ஜாடியைத் திறந்து, செடிக்குக் கஞ்சி ஆவியைக் காட்டிக் காட்டிக் காப்பாற்றினாள். அந்த மாதமும் தூரம் வந்தது.

"ஏன்னா, ரெண்டு வேளையும் தண்ணி தெளிச்சு மூடிடுங்கோ. மறந்துடாதீங்கோ" என்று பின்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மறப்பேனா?" என்றார் சுந்தரேசன்.

மறந்திருந்தால்கூடத் தேவலை. மனுஷர் துளசிக்குச் செய்து பழகியவர். காலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, பாவம் மூச்சு முட்டுமே என்று ஜாடியைக் கழற்றி, முற்றத்தில் நல்ல வெயிலாகப் பார்த்து வைத்துவிட்டு டிராம் ஏறிவிட்டார்.

ஜகதாம்பாள் கவனித்தபோது இலைகள் சுருள ஆரம்பித்திருந்தன.

"பௌதி! சாருபாலா பௌதி!" என்று பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. காளிகாட் கோயிலுக்குப் போயிருக்க வேண்டும்.

தீட்டுக்காரி தொட்டால் செடி பட்டுப்போகும். தொடாவிட்டால் வெயிலில் பட்டுப்போகும். எழுந்தாள், உட்கார்ந்தாள். அன்றைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்ததும் அவளால் முடியவில்லை. ஓடிப்போய்ச் செடியை வாரி எடுத்தாள். தன் அறை இருட்டுக்குக் கொண்டுவந்து, இலைகளை நனைத்து, ஜாடியைக் கவிழ்த்து, சாயங்காலம் வரை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

சுந்தரேசன் வந்ததும், "நான் தொட்டுட்டேன். இனிமே அது பிழைக்காது" என்றாள். அவர் செடியை உள்ளே எடுத்துப் போனார்.

கருகின இலைகள் உதிர்ந்தன. அவள் குளித்துவிட்டு உள்ளே வந்தாள். ஆனால் ஜாடிப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தண்ணீர் தெளிப்பதைக்கூட அவர் தலையில் கட்டிவிட்டாள்.

ஒரு நாள் காலை அவர் கூப்பிட்டார்.

"இங்க வாயேன்! உன் கை பட்டதுக்கு ஒண்ணும் ஆகலை, பாரு. துளிர் விட்டிருக்கு!"

ஜகதாம்பாள் குனிந்து பார்த்தாள். நடுவில் பச்சையாக ஒரு சுருள் தலை நீட்டியிருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகலையா?"

"ஆகலையே. அதுக்குப் போய் அழுவாளா?"

"அப்போ அன்னிக்குக் குழந்தையையும் நான் தொட்டிருக்கலாமே. மடியில போட்டுண்டிருக்கலாமே!"

சுந்தரேசன் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.