காலெலும்பில் முளைத்த பற்கள்

அந்தத் தெருவில் பாதிப் பேர் சிரிப்பது பல்செட்டுக்காரரின் கைவண்ணத்தில்தான். அவருடைய மருமகள் எதிர் மாடியில் பல் டாக்டர். தாடையெலும்பில் திருகாணி இறக்கிப் பல் பொருத்துபவள். "சுவத்துல படம் மாட்டுற மாதிரி வாயில ஆணி அடிக்கிறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமனார் கேலி பேசுவார்.

அவருடைய கீழ்த்தாடையிலேயே ஒரு கட்டி வந்தது. புற்று இல்லை, ஆனால் எலும்பை அரித்துவிட்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பகுதியைப் பல்லோடு வெட்டியெடுத்து, முழங்காலுக்குக் கீழே இருந்த ஒல்லி எலும்பை அதற்குப் பதிலாகப் பொருத்தினார்கள். காயம் ஆறியது. மிக்சியில் அரைத்ததைக் குடித்தே நாள் ஓடியது.

"மாமா, இது காலெலும்பு. செட்டு பிடிச்சு நிக்க ஈறு மேடே இல்ல. திருகாணி இறக்கி இம்பிளான்ட் போட்டுடலாம்" என்றாள் மருமகள்.

"எனக்கேவா?" என்றவர், பட்டறையில் உட்கார்ந்து தனக்குத்தானே செட்டு செய்துகொண்டார். பார்வைக்கு அம்சமாக இருந்தது. அதைப் பசை தடவி மாட்டிக்கொண்டு, மச்சினர் ஓய்வு பெற்ற விழாவில் வாழ்த்திப் பேச எழுந்தார். "மதிப்புக்குரிய" என்றதுமே செட்டு துள்ளிப்போய் மச்சினர் மடியில் விழுந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள். யாரும் சிரிக்கவில்லை, அவசரமாகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மானம் போனது போதும். அவகிட்டயே போங்க" என்றாள் மனைவி.

போனார். மருமகள் ஒரு குத்தல் வார்த்தை பேசவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. திருகாணிகளை இறக்கிவிட்டு, எலும்பு அவற்றைக் கவ்விப் பிடிக்கச் சில மாதம் பொறுக்கச் சொன்னாள்.

"மேல வைக்கிற பல்லை நான்தான் செய்வேன்" என்றார்.

"வேற யார்கிட்ட குடுக்கப்போறேன் மாமா?"

சண்டைக்குத் தயாராக வந்தவர் பட்டறைக்குத் திரும்பி நடந்தார்.

வாழ்நாளில் அப்படிப் பல் செய்ததில்லை அவர். லேசான பழுப்பு, ஒன்று சற்றே கோணல். அவர் வயதுக்கு அச்சு அசலாக இருந்தது. அவள் திருகிப் பூட்டியதும் பட்டாணியைக் கடித்து நொறுக்கினார்.

கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் அதைப் பார்த்து அசந்துபோனார். "எனக்கும் இதே மாதிரி செட்டு வேணும். கழட்டிக் காட்டுங்களேன்!"

பல்செட்டுக்காரர் பல்லைப் பிடித்து மரியாதைக்கு ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு எதிர் மாடியைக் காட்டினார்.

இப்போது மருமகளின் நோயாளிகளுக்குப் பல் செய்யவே அவருக்கு நேரம் போதவில்லை. "என் பொழப்பையே கெடுத்துட்டா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் வாய் கொள்ளாத சிரிப்போடு புலம்புகிறார்.