பதினான்காம் மேசையின் மிளகாய்ச் செடி

கொரோனா வந்தபின் குவாம் தீவில் எங்கள் ஏழாம் வகுப்பை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். திங்களும் புதனும் 'ஏ' பிரிவு பள்ளிக்கு வரும். செவ்வாயும் வியாழனும் 'பி' பிரிவான நாங்கள். வெள்ளிக்கிழமை எல்லோரும் வீட்டிலிருந்தே திரையில். இதனால் என் பதினான்காம் மேசையில் நான் இல்லாத நாட்களில் ஜேரன் மாஃப்னாஸ் என்று ஒருவன் உட்கார்ந்தான். அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கேமராவை அணைத்துவிட்டு ஒரு சண்டைச் சேவலின் படத்தை வைத்துக்கொள்வான்.

அந்தச் சேவலை நம்பித்தான் என் மதிப்பெண். அறிவியல் டோவிஸ் சார் மேசைக்கு ஒரு தொட்டி கொடுத்து, டோன்னி என்ற எங்கள் தீவுக் குட்டி மிளகாயை எட்டு வாரம் வளர்க்கச் சொன்னார். செடி செத்தால் இரண்டு பேருக்கும் பூஜ்யம்.

அம்மா முன்பே சொல்லிவிட்டாள்.

"ஜோலீன், சயின்ஸ்ல இன்னொரு தடவ ஃபெயிலானா ஸ்கூலுக்குப் போற அந்த ரெண்டு நாளும் கட். வீட்லயே உக்காந்து படி."

வீட்டில் மூன்று தம்பிகளுக்கும் எனக்கும் ஒரே லேப்டாப். பாத்ரூமில் உட்கார்ந்து கணக்குப் போட்டவளுக்குத்தான் பள்ளிக்கூடத்தின் அருமை தெரியும். அந்த இரண்டு நாட்கள்தான் என் உயிர்.

ஐந்தாவது வாரம் செடி மஞ்சளாகத் தொங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பாட்டில் தண்ணீரை முழுக்கக் கவிழ்த்துவிட்டு, தொட்டிக்கு அடியில் சீட்டு வைத்தேன்: 'தண்ணி ஊத்தக்கூட சோம்பேறித்தனமா?'

வியாழக்கிழமை பதில் இருந்தது: 'நான் ஊத்துறேன். நீதான் ஊத்தல.'

பொய்யன்! அன்று இரண்டு பாட்டில் ஊற்றினேன்.

மறுநாள் திரையில் டோவிஸ் சார் எங்கள் தொட்டியைத் தூக்கிக் காட்டினார். தண்டு அடியில் கறுத்திருந்தது.

"பதினாலாம் மேசை, என்னப்பா இது?"

"அவன் தண்ணியே ஊத்த மாட்டேங்கிறான் சார்!" என்று கத்தினேன்.

சேவல் படம் பேசியது. பின்னால் நிஜச் சேவலும் கூவியது. "ஏய், வாய்க்கு வந்தத பேசாத! நான் வராத நாளுக்கும் சேத்து, வர்றப்பல்லாம் ஒரு பாட்டில் ஊத்துறேன்."

"நானும்தான் நான் வராத நாளுக்கும் சேத்து..."

பாதியில் நின்றுவிட்டேன். வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"வாடியிருக்கேன்னு காலைல நானும் ஒரு கப்பு ஊத்திட்டு இருந்தேன்."

குவாமில் டோன்னிக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? பறவை போட்ட விதை பாறை இடுக்கில் தானே முளைக்கிறது. அதை மூன்று பேராகச் சேர்ந்து மூழ்கடித்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"சார், அழுகின வேர வெட்டிட்டு எங்க வீட்டு மண்ணுல மாத்தி வைக்கவா? சேவக்கூண்டு பக்கத்துல டோன்னி தன்னால முளைக்குது" என்றான் ஜேரன்.

"வச்சுப் பாரு."

"ஜோலீன், நீ ஒண்ணு மட்டும் பண்ணு."

"என்ன?"

"ஒண்ணும் பண்ணாத. தொட்டுடாத தாயே!"

செவ்வாய்க்கிழமை போனபோது செடி ஒரு காலி ஸ்பாம் இறைச்சி டப்பாவில் இருந்தது. அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பவளப்பாறைச் சில்லுகள் கலந்த மண்ணை நிரப்பியிருந்தான். என் கை பாட்டிலுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. கடைசியில் அந்தத் தண்ணீரை நானே குடித்தேன். அதன்பின் ஈரம் பார்த்தவர்கள் சீட்டில் எழுதி வைத்தோம். 'இன்னும் ஈரம். ஊத்தல.' 'காஞ்சிருக்கு. ஒரு மூடி ஊத்தினேன்.' சாருக்கும் ஒரு சீட்டு ஒட்டினோம்: 'சார், ப்ளீஸ், வேணாம்.' ஏழாவது வாரம் இருந்த இலையெல்லாம் உதிர்ந்தது. அன்று நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

எட்டாவது வாரம், வியாழக்கிழமை, மொட்டைத் தண்டின் கணுவில் பச்சையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. ஊசிமுனை அளவுதான். அதை இருபது முறை பார்த்தேன்.

மறுநாள் திரையில் சேவல் படம் இல்லை. மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன், மடியில் சேவலோடு உட்கார்ந்திருந்தான்.

"பதினாலாம் மேசை, உயிரோட இருக்கு. பாஸ்" என்றார் சார்.

"காய்ச்சா யாருக்கு?" என்றான் ஜேரன்.

"பாதிப் பாதி" என்றேன்.

சமையலறையில் அம்மா வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.

"ஜோலீன், செவ்வாக்கெழம சீக்கிரம் எந்திரி. பஸ்ஸ விட்டுறாத."